மின்குமிழ் முதல் காப்பார் வரை: வகுப்பறைச் சோதனை சொல்லும் ஆற்றல் பாடம்

தமிழ்ப்பள்ளிகளின் ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்சாரம் என்ற தலைப்பு உண்டு. அதற்கான சோதனைக்குத் தேவையானவை மிகக் குறைவு: இரண்டு உலர் மின்கலன்கள், இரண்டு சிறிய மின்குமிழ்கள், கொஞ்சம் கம்பி, ஒரு விசை. இவற்றைக் கொண்டு மாணவர் தம் கையால் மின்சுற்றை அமைத்துப் பார்ப்பது ஒன்று; பயிற்சி நூலில் உள்ள விடையை மனப்பாடம் செய்வது வேறு. இரண்டிலும் விடை ஒன்றாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குள் தங்குவது ஒன்றல்ல.

இடைநிலைப் பள்ளி மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியல் துறையில் பயில வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு முதல் நாட்டின் கொள்கை. அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. நான்காம் படிவத்தில் “அறிவியல் எனக்கு வராது” என்று ஒதுங்கும் மாணவருக்கு, அந்த அச்சம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்திருக்கும். தொடக்கப்பள்ளியில் கையால் செய்து பார்த்த சோதனைகள் அந்த அச்சத்தைக் குறைக்கக் கூடியவை.

ஒரே ஒரு மாற்றம்

மின்சுற்றுச் சோதனையில் மாணவர் முதலில் இரண்டு குமிழ்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கிறார். இது தொடர் மின்சுற்று. பிறகு ஒவ்வொரு குமிழுக்கும் தனிப்பாதை அமைக்கிறார். இது இணைகர மின்சுற்று. மின்கலன்களின் எண்ணிக்கையும் குமிழ்களின் வகையும் மாறக்கூடாது. இணைக்கும் முறை மட்டுமே மாற வேண்டும்.

பாடநூல் இதைத்தான் மாறிகள் என்று சொல்கிறது. நாம் மாற்றுவது தற்சார்பு மாறி, அதனால் மாறுவது சார்பு மாறி, மாறாமல் வைத்துக்கொள்வது கட்டுப்படுத்தப்பட்ட மாறி. இந்த மூன்று சொற்களையும் ஒப்பிக்கும் மாணவர் பலர். ஆனால் ஒரு குமிழைக் கழற்றியதும் தொடர் மின்சுற்றில் மற்றதும் அணைவதையும், இணைகர மின்சுற்றில் மற்றது எரிந்துகொண்டே இருப்பதையும் கண்ணால் பார்த்தவருக்கு அந்தச் சொற்களின் பொருள் தானாகவே விளங்கும். வீட்டில் ஒரு விளக்கு பழுதானாலும் மின்விசிறி நிற்காமல் சுழல்வது ஏன் என்று கேட்டால், வீட்டு மின்சாரமும் இணைகர முறையில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

சோதனைக்கு முன் “என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டு, பிள்ளையின் ஊகத்தை எழுத வைப்பதும் முக்கியம். ஊகம் தவறினால் மதிப்பெண் குறைவதில்லை. அங்கிருந்துதான் கேள்வி பிறக்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்ட பின் வகுப்பறை மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் கூடியுள்ளது. இப்படிக் கேட்டுக் கற்பதற்கு அது நல்ல வாய்ப்பு.

கூடுதல் வெளிச்சம் எங்கிருந்து?

இணைகர மின்சுற்றில் குமிழ்கள் பிரகாசமாக எரிகின்றன. பல வகுப்புகளில் பாடம் இதோடு முடிந்துவிடும். இரண்டு மின்சுற்றுகளையும் அணைக்காமல் விட்டு வைத்தால் அடுத்த பாடம் தொடங்கும். இணைகர மின்சுற்றின் மின்கலன்கள்தாம் முதலில் தீரும். ஒவ்வொரு குமிழும் மின்கலனிலிருந்து தனித்தனியாக மின்னோட்டம் எடுப்பதே காரணம். கூடுதல் வெளிச்சம் சும்மா வரவில்லை. மின்கலனில் சேமித்திருந்த ஆற்றல் அந்த அளவுக்கு விரைவாகச் செலவாகியிருக்கிறது.

ஆற்றல் புதிதாகத் தோன்றுவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாறுகிறது என்ற விதியை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. அப்படியானால், வீட்டில் விசையைத் தட்டியதும் வரும் மின்சாரத்துக்கு எங்கே, எது செலவாகிறது?

பத்து ஆராங் முதல் காப்பார் வரை

இதற்கான விடை கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் வரலாற்றோடு கலந்தது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரிச் சுரங்கம் இயங்கியது. சீனர்களோடு தமிழர்களும் அங்கு உழைத்தார்கள். அந்தக் கரி ரயில் இயந்திரங்களையும் ஓட்டியது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு அந்த ரயில்களை நம்பியிருந்தது.

இன்று கிள்ளானுக்கு அருகே காப்பாரில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் உள்ளது. அதன் எல்லாக் கட்டங்களும் முடிந்தபோது கொள்ளளவு 2,420 மெகாவாட். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகிய மூன்றையும் எரிக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. அந்தக் கரியில் பெரும்பகுதி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்ய ஏறக்குறைய அரை கிலோ கரி எரிகிறது. ஒரு கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. அந்த வாயு பூமியின் வெப்பத்தைத் தேக்குகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அப்படிப்பட்ட காற்றிலிருந்து பெய்யும் கனமழை மேலும் கனக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை இங்குள்ள பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். சிலர் அனுபவித்தும் இருப்பார்கள். ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. வடிகால், ஆற்றுப்படுகை, நகர வளர்ச்சி எல்லாம் சேர்ந்தவை. ஆனாலும் சுற்றுச்சூழல் என்பது சுவரொட்டி வரையும் போட்டிக்கான தலைப்பு மட்டுமல்ல என்பது இங்கே புரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இந்தப் பாடத்தைத் தொடர ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மின்மானியே போதும். தினமும் இரவு 7 மணிக்கு அளவைக் குறித்து வரலாம். திறன் மின்மானி பொருத்திய வீடுகளில் தெனாகா நேஷனலின் செயலியிலேயே அன்றாடப் பயன்பாட்டைப் பார்க்கலாம். முதல் வாரம் வழக்கம்போல் இருக்கட்டும். அடுத்த வாரம் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். குளிரூட்டியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தலாம், அல்லது பழைய குமிழை எல்இடியாக மாற்றலாம். என்ன குறையும் என்ற ஊகத்தை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

கணக்கும் எளிதுதான். 60 வாட் குமிழ் தினம் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் செலவாகும். அதே நேரம் எரியும் 9 வாட் எல்இடிக்கு 1.35 யூனிட் போதும். ஒரே குமிழில் மாதம் ஏழரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததாக இருந்தால், மூன்றரைக் கிலோவுக்கு மேல் கரி எரியாமல் தப்பியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளின் மின்சுற்றுச் சோதனைக்கு உலர் மின்கலன் மட்டுமே. வீட்டுச் சுவரில் உள்ள மின்துளையில் எந்தச் சோதனையும் கூடாது. மின்மானியைப் பார்க்கலாம், தொடக்கூடாது.

இரண்டு வாரக் குறிப்பை அட்டவணையாக்கி வகுப்புக்குக் கொண்டு போனால், அதுவே ஓர் ஆய்வு. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக அஸ்தி அமைப்பு நடத்தி வரும் அறிவியல் விழா போன்ற மேடைகளுக்கும் இத்தகைய எளிய கேள்விகளே நல்ல தொடக்கம். எண்கள் எதிர்பார்த்தபடி வராவிட்டால் அழித்து எழுத வேண்டாம். அந்த வாரம் விருந்தினர் வந்தார்களா, வெயில் கூடுதலா என்று பிள்ளையோடு உட்கார்ந்து காரணம் தேடுவதும் அறிவியல்தான்.