நினைவகம் நிரம்பினால் எதை நிறுத்துவது?

ஒரு நிரல் நினைவகம் கேட்டால் லினக்ஸ் கர்னல் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்ட இடத்தை அப்போதே ஒதுக்குவதும் இல்லை. முகவரிகளை மட்டும் குறித்துக் கொடுக்கிறது. நிரல் அங்கே முதன்முதலாக எழுதும்போதுதான் 4 கேபி அளவுள்ள ஒரு பக்கம் ராமிலிருந்து அதன் கணக்கில் சேர்கிறது. கேட்டதை எந்த நிரலும் முழுதாகப் பயன்படுத்தாது என்ற நம்பிக்கையில் இருப்புக்கு மேல் வாக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஓவர்கமிட் என்று பெயர். பல நாட்கள் அந்த நம்பிக்கை பலிக்கிறது. ஒரு நாள் பலிக்காமல் போகிறது.

அந்த நாள் சிறிய ராம் உள்ள கருவிகளில்தான் அடிக்கடி வரும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகளில் இருந்தது 2 ஜிபி ராம். விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. சாயர்புரம் போன்ற சிற்றூர்களின் மாணவர் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான்.

ராம் குறையத் தொடங்கியதும் கர்னல் முதலில் கைவைப்பது கோப்புகளின் நகல்களில். அவற்றின் மூலம் டிஸ்கில் இருப்பதால் தூக்கி எறிந்தாலும் மறுபடி படித்துக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால், நெடுநேரம் தொடப்படாத பக்கங்களை டிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு நகர்த்துகிறது. டிஸ்கைத் துணை நினைவகமாகக் கொள்ளும் மெய்நிகர் நினைவக முறையின் முன்னோடி, 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. அதில் டிஸ்குக்குப் பதில் காந்த உருளை இருந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை வேகம். ராமில் ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கில் 10 மில்லி நொடி வரை, அதாவது லட்சம் மடங்கு. வெளியே அனுப்பிய பக்கத்தையே அடுத்த கணம் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், கணினி பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே மூழ்கிவிடுகிறது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. மவுஸ் அம்பு அசைவதில்லை. ஏதோ சில பக்கங்கள் கிடைத்துக்கொண்டே இருப்பதால் நினைவகம் தீர்ந்ததாகக் கர்னல் முடிவுக்கு வருவதும் இல்லை. லினக்ஸின் நெடுநாள் குறை இது. நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று அளக்கும் பிஎஸ்ஐ வசதி 2018 இறுதியில் கர்னல் 4.20இல் வந்த பிறகுதான் இந்த மூச்சுத்திணறலை முன்கூட்டியே கண்டறிய நல்ல வழி பிறந்தது.

எதுவும் மிஞ்சாதபோது ஓஓஎம் கில்லர் இறங்குகிறது. ஒரு நிரலை நிறுத்தி மற்றவற்றைக் காப்பது அதன் வேலை. எந்த நிரல் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்பதே அடிப்படை மதிப்பெண். அதோடு ‑1000 முதல் 1000 வரையிலான ஒரு திருத்த எண்ணும் சேரும். ஸ்வாப் இல்லாத 2 ஜிபி கணினி ஒன்றில் லிப்ரேஆபீஸ் 600 எம்பியும், குரோம் பிரவுசரின் ஒரு டேப் 200 எம்பியும் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குரோம் தன் டேப்களுக்குத் தானே 300 என்ற திருத்த எண்ணைக் கொடுத்துக்கொள்கிறது. மொத்த நினைவகத்தில் ஆயிரத்துக்கு 300 பங்கு, அதாவது ஏறக்குறைய 600 எம்பி, அந்த டேப்பின் கணக்கில் கூடுகிறது. 600க்கு எதிராக 800, நிறுத்தப்படுவது டேப். மாணவர் தட்டச்சு செய்த கட்டுரை பிழைக்கிறது. இணையப் பக்கத்தை மறுபடி திறந்துகொள்ளலாம், சேமிக்காத கட்டுரையை முழுதாக மீட்க முடியாமல் போகலாம் என்பதால் இது நியாயமான ஏற்பாடு.

விண்டோஸின் வழி வேறு. ராமும் டிஸ்கில் உள்ள பேஜ் கோப்பும் சேர்ந்த அளவுக்கு மேல் அது வாக்குக் கொடுப்பதில்லை, கேட்கும்போதே மறுத்துவிடுகிறது. ஆனால் மறுப்பைச் சமாளிக்கத் தெரியாத நிரல்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டிஸ்குக்கு நகர்த்தும் பழக்கம் பொதுவாக இல்லை. ஓயாமல் எழுதினால் ஃபிளாஷ் நினைவகம் தேய்ந்துவிடும். பதிலாக, பக்கங்களைச் சுருக்கி ராமிலேயே வைக்கும் இசட்ராம் பயன்படுகிறது. நிதின் குப்தா தொடங்கிய இத்திட்டம் 2014இல் லினக்ஸ் கர்னலின் முதன்மைக் கிளையில் சேர்ந்தது. அதன் பிறகும் நெருக்கடி தொடர்ந்தால், ஆண்ட்ராய்டு கடைசி நொடிவரை காத்திருக்காமல் செயலிகளை வரிசைப்படி மூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் உண்டு: திரையில் இருக்கும் செயலிக்கு 0, பின்னணியில் பாட்டு ஒலிக்கும் செயலிக்கு 200, சற்றுமுன் விட்டுவந்த செயலிக்கு 700, சும்மா கிடப்பவற்றுக்கு 900 அல்லது அதற்கு மேல். பெரிய எண் முதலில் போகும்.

700இல் உள்ள செயலிதான் மனிதரை நோகடிப்பது. சாயர்புரத்து மாணவி ஒருவர் குறைந்த ராம் உள்ள கைபேசியில் உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போகிறார் என்று கொள்வோம். திரும்பி வரும்போது படிவம் முதல் வரியிலிருந்து தொடங்கினால், நடுவில் செயலி மூடப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. மூடியதில் ஆண்ட்ராய்டின் பிழை இல்லை. திரையை விட்டு விலகும் நேரத்தில் நிரப்பிய விவரங்களை ஒப்படைக்கும்படி அது செயலியைக் கேட்கிறது. ஒப்படைத்தவற்றைச் செயலி மூடப்பட்ட பின்னும் வைத்திருந்து திருப்பித் தருகிறது. செயலியை எழுதியவர் அப்படி ஒப்படைப்பதற்கான சில வரி நிரலை எழுதாமல் விட்டதே மாணவியின் உழைப்பைக் கரைத்தது. தாராளமாக ராம் உள்ள விலையுயர்ந்த கைபேசியில் மட்டும் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படாது. விட்டு விலகிய திரையை உடனே அழித்துக் காட்டும் சுவிட்ச் ஒன்று ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும்.