சீக்கிரம் போனவர்கள் – 9: கௌரியும் மாளவிகாவும்

போன வாரம் ஷோபாவைப் பற்றி எழுதியிருந்தேன். ‘பசி’க்காக தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு வயது 17. அந்தக் கணக்கை ஏழே வருடத்தில் முறியடித்தவரும் ஒரு மலையாளப் பெண்தான். பெயர் மோனிஷா. ‘நகக்ஷதங்கள்’ வெளியான 1986இல் அவருக்கு 15 வயது முடிந்திருந்தது, அவ்வளவுதான். அவரைவிடச் சின்ன வயதில் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை வாங்கியவர் இன்றுவரை இல்லை.

வளர்ந்தது பெங்களூரில். அம்மா ஸ்ரீதேவி உண்ணி மோகினியாட்டக் கலைஞர் என்பதால் சின்ன வயதிலேயே மேடை பழகிவிட்டது. எம்.டி. வாசுதேவன் நாயர் குடும்ப நண்பர். அவர் எழுதி ஹரிஹரன் இயக்கிய படத்தின் கௌரி வேடத்துக்கு இந்தப் பெண் வந்து சேர்ந்தார். நாயகன் வினீத்தும் அப்போது சின்னப் பையன்தான். அவரும் நாட்டியம் தெரிந்தவர்.

கதையில் பெரிய திருப்பங்களைத் தேடாதீர்கள். ராமுவும் கௌரியும் குருவாயூரில் பழக்கமாகிறார்கள். கௌரி ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்கு நிற்பவள். அந்த வீட்டில் வாய் பேச முடியாத மகள் ஒருத்தி. ராமு அவளுக்கும் கௌரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறான். வாய் பேசாதவளாக நடித்தவர் சலீமா. எனக்கென்னவோ, படத்தில் உண்மையான ஊமை கௌரிதான் என்று தோன்றும். எஜமானர் வீட்டுப் பெண்ணின் ஆசைக்கு எதிராக வேலைக்காரி என்ன பேசிவிட முடியும்?

நாட்டியம் கற்று சினிமாவுக்கு வருகிறவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. கண் சும்மா இருக்காது. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று பழக்கப்பட்ட கண், கேமரா பக்கத்தில் வந்தாலும் அதே அளவுக்கு விரியும். மோனிஷாவிடம் அது இல்லை. நெற்றியில் சந்தனக் கீற்றோடு நிற்கிறார், பார்வை தாழ்கிறது, உதடு லேசாக அசைகிறது. அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. பதினைந்து வயதில் இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் ஆச்சரியம். அதே படத்தில் பாடியதற்காக சித்ராவுக்கும் அந்த வருடத்து தேசிய விருது கிடைத்தது.

விருது முதல் படத்திலேயே வந்துவிட்டால் அடுத்து என்ன? மலையாள சினிமாவுக்கு பதில் தெரியவில்லை என்றே சொல்வேன். நாயகனின் தங்கை, நாயகனின் காதலி, சோகம் கலந்த சிரிப்பு. இதே அச்சில் வரிசையாக வேடங்கள். ஆறு வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். தமிழுக்கும் வந்தார். ‘நகக்ஷதங்க’ளின் தமிழ் வடிவமான ‘பூக்கள் விடும் தூது’, பிறகு கார்த்திக்கோடு ‘உன்ன நெனச்சேன் பாட்டு படிச்சேன்’. நம் ஊரில் பலருக்கு இந்த இரண்டாவது படத்தின் முகமாகத்தான் அவரைத் தெரியும். விருது சமாச்சாரம் தெரியாது. நடுவில் எம்.டி.யே எழுதி அஜயன் இயக்கிய ‘பெருந்தச்சன்’ கொஞ்சம் ஆறுதல். திலகன் பெருந்தச்சன். அவர் மகனாக நம் பிரசாந்த். அந்தத் தச்சன் மகன் மனம் பறிகொடுக்கும் தம்புராட்டியாக மோனிஷா.

அவருக்கு என்ன தெரியும் என்பதைக் கேட்டு வாங்கிய படம் 1992இல்தான் வந்தது. லோகிததாஸ் எழுத, சிபி மலயில் இயக்கிய ‘கமலதளம்’. குடித்துச் சீரழிந்த நடன ஆசிரியர் நந்தகோபனாக மோகன்லால். அவரை முதலில் வெறுத்து, பிறகு அவரிடமே கற்று மேடையேறும் மாணவி மாளவிகா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முறையாக நாட்டியம் கற்றவர் மாணவியாகவும், கற்காதவர் குருவாகவும் நடிக்கிறார்கள். குருவைவிட ஒரு படி கீழே தெரியும்படி ஆட வேண்டும். ஆட்டமும் கெட்டுவிடக் கூடாது. மோனிஷா அதைச் செய்திருக்கிறார். முகத்தில் திமிரும் இருக்கிறது, கோபமும் வருகிறது. கௌரி வாழ்நாளில் பட்டிராத கோபம்.

அதே வருடம் டிசம்பர் 5, சனிக்கிழமை. ‘செப்படிவித்ய’ படத்தில் நடித்துக்கொண்டிருந்த சமயம். அம்மாவும் மகளும் போய்க்கொண்டிருந்த கார், ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலை அருகே அரசுப் பேருந்தோடு மோதியது. காயங்களோடு அம்மா பிழைத்தார். மோனிஷா பிழைக்கவில்லை. 22 வயதுகூட நிறையவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. திங்கட்கிழமைப் பத்திரிகைகளில் வேறு எதற்கும் இடமில்லை.

ஸ்ரீதேவி உண்ணி பிறகு நாட்டியத்துக்குத் திரும்பினார். மலையாளப் படங்களில் அம்மா வேடங்களில் அவரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

மோனிஷாவைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் விருதுப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ‘கமலதளம்’ பாருங்கள். கௌரியை அப்புறம் பார்க்கலாம்.

(தொடரும்)