டேங்க் காலி... முள் மட்டும் ஃபுல்! பழைய கார் வச்சிருக்கீங்களா?

சடையங்குப்பம்: பெட்ரோல் முள்ளை நம்பிக் கிளம்பும் பழைய கார், மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

டேங்குக்குள் மிதவை ஏறி இறங்கும்போது மின்தடை மாறி முள் நகர்கிறது. மிதவை ஓட்டையானாலோ, ஒயர் துருப்பிடித்தாலோ முள் பொய் சொல்லும்.

டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து படுத்துவிட்டால் முதலில் பியூஸை பாருங்க. அது நல்லா இருந்தால், அடுத்து டேங்க் எர்த் ஒயர். கடலோர உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். சுரண்டி, இறுக்கி மாட்டணும்.

அப்பவும் சரியாகலையா? கோளாறு மீட்டரிலா, மிதவையிலா என்று மெக்கானிக் பார்க்கட்டும். பேட்டரியைக் கழற்றாமல் டேங்கைத் திறக்கவே கூடாது; சின்ன தீப்பொறி போதும், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

அதுவரை கிலோமீட்டர் கணக்கு பார்த்து பெட்ரோல் போடுவதே புத்திசாலித்தனம்.