அடுப்பு எரியாத ராத்திரி

நம்ம வருசநாட்டுல இலவங்காய் உடைக்கிற வேலை தொடங்கிட்டா, அம்மாமார் பொழுது சாஞ்சுதான் வீடு திரும்புவாங்க. அலுப்புல, "எனக்குப் பசிக்கல"ன்னு சொல்லி வெறும் வயித்தோட படுத்துருவாங்க. அந்த நேரத்துல கைகொடுப்பது அவல்!

அவலுக்கு அடுப்பு ஏன் வேண்டாம், தெரியுமா? நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கினால் அவல். வறுக்கும்போதே அது வெந்துவிடுகிறது. தட்டையாக இருப்பதால் சீக்கிரம் ஊறும்.

செய்முறை: கல், உமி பார்த்து அலசுங்க. குடிதண்ணீர் தெளித்து 10 நிமிடம் மூடி வையுங்க. கெட்டி அவல்னா அரை மணி நேரம். வெல்லம், தேங்காய்த் துருவல் சேருங்க. இல்லாட்டி மோர், உப்பு, சின்ன வெங்காயம். அவலில் மாவுச்சத்துதான் அதிகம். ஒரு பிடி வறுத்த நிலக்கடலை சேர்த்தால் புரதமும் கிடைக்கும்.

நெருப்பே வேண்டாம், நாமே செய்யலாம். முதல் கிண்ணம் அம்மாவுக்கு!