கலைக்களஞ்சியத்தில் கருத்து வேற்றுமையும் அதன் தீர்வும்

அறிவுத் துறைகள் பலவற்றின் செய்திகளை அகர வரிசையில் தொகுத்து அளிக்கும் நூல் கலைக்களஞ்சியம் ஆகும். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்திற்குப் பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கினார். அத்தகைய நூலில் அறிஞர் இருவர் மாறுபட்டால், முடிவு கூறும் பொறுப்பு பதிப்பாசிரியரைச் சாரும். 2001 ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியாவிலோ பதிப்பாசிரியர் என ஒருவர் இலர். எழுதுவோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் உடனே திருத்தலாம். இதன் தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரிலும், தெலுங்குப் பதிப்பு அவ்வாண்டு டிசம்பரிலும் தோன்றின. பதிப்பாசிரியர் இல்லாத இடத்தில் பூசல்கள் எவ்வாறு தீர்கின்றன என்பதை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் நலம்.

பூசல் தோன்றும் விதம்

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது என ஒருவர் எழுதுகிறார். காக்ஸ் என்பார் தொகுத்து 1881இல் வெளிவந்த அம்மாவட்டக் கையேடு அவருக்குச் சான்று. சித்தூர் மாவட்டம் என மற்றொருவர் மாற்றுகிறார். அருகிலுள்ள புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் இருப்பதைக் கண்ட மூன்றாமவர், இதுவும் திருப்பதி மாவட்டமே எனத் திருத்துகிறார். ஊரின் பெயரைக் 'கார்வேட்டிநகர்' என்று எழுத வேண்டும் என்பார் நான்காமவர். ஒவ்வொருவரும் பிறர் எழுதியதை அழித்துக்கொண்டே இருப்பின் பக்கம் ஒரு நாளில் பலமுறை மாறும். அன்று அதைப் படிக்கும் மாணவன் எந்த நேரத்தில் படித்தானோ, அந்த நேரத்துச் செய்தியையே தன் ஏட்டில் எழுதிக்கொள்வான்.

வினாவைப் பகுத்தல்

இத்தகைய பூசல்களிற் பெரும்பாலானவை, பல வினாக்களை ஒரே வினாவாகக் கருதுவதால் எழுபவை. எந்த மாவட்டம் என்பதற்கு முன், எந்த ஆண்டில் என்று கேட்டல் வேண்டும். கார்வேட்டிநகரம் ஜமீன் பழைய வட ஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1956இல் ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை திருத்தப்பெற்றபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோதும் இவ்வூர் சித்தூர் மாவட்டத்திலேயே விடப்பட்டது. ஆகவே முதலிருவர் கூற்றும் அவ்வக் காலத்திற்குப் பொருந்தும். மூன்றாமவர் கூற்றுக்கே சான்றில்லை.

இம்முறை உலக அனுபவத்திலும் பயன் தந்துள்ளது. போலந்து நாட்டுத் துறைமுக நகரொன்றை ஜெர்மானியர் தான்சிக் என்றும், போலந்தியர் கதான்ஸ்க் என்றும் வழங்குவர். ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்பெயர் பற்றி நெடுநாள் நிகழ்ந்த பூசல், 2005இல் காலப்பகுதிதோறும் தனித்தனியே வாக்கெடுத்து, அவ்வக் காலத்திற்கு ஒரு பெயரை வகுத்ததால் தணிந்தது.

ஊர்ப்பெயரின் எழுத்து வடிவம் பற்றிய பூசலுக்கு எளிய கருவி உண்டு. ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றதை வழிமாற்றுப் பக்கமாக அமைப்பர். எவ்வடிவில் தேடினும் படிப்பவர் ஒரே கட்டுரையை அடைவார்.

தீர்வின் படிகள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கமும் பேச்சுப் பக்கமும் உண்டு. முன்னதில் எல்லாத் திருத்தங்களும் நாள், நேரத்துடன் பதிவாகின்றன. ஆதலின் அழிக்கப்பட்டதை மீட்கலாம். பின்னதில் மாறுபட்டோர் தம் சான்றுகளை எடுத்து வைப்பர். திருத்தம் ஒருமுறை நீக்கப்பட்டால், மீண்டும் புகுத்தாமல் பேச்சுப் பக்கத்திற்குச் செல்வதே முறை. ஆங்கிலப் பதிப்பில் ஒருவர் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்கினால், எழுதும் உரிமை அவருக்குத் தற்காலிகமாகத் தடுக்கப்படலாம்.

பேச்சு முடிவுறாவிடின், தொடர்பில்லாத மூன்றாமவர் ஒருவரின் கருத்தை நாடலாம். தமிழ்ப் பதிப்பில் பொதுவான செய்திகளை விவாதிக்கும் இடத்திற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். பூசல் முற்றினால் நிர்வாகி பக்கத்தைச் சில நாள் பூட்டி வைப்பார். எவர் கூற்று உண்மை எனத் தீர்ப்புக் கூறுவது அவர் பணியன்று. அமைதியாகப் பேச இடமளிப்பதே அவர் பணி. வாக்கு எண்ணிக்கையைவிடச் சான்றின் வலிமைக்கும் பலரது இசைவிற்குமே மதிப்பு மிகுதி.

களப்பணியாளர் கடமை

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஊரிலேயே வாழ்பவர் தாம் நேரில் அறிந்ததை எழுதினால், அச்சிட்ட சான்று இல்லையெனக் கூறி, தொலைவிலிருப்பவர் அதை நீக்கிவிடலாம். உள்ளூர் அறிவு உடையவர் மனம் வெறுத்து விலகினால் இழப்பு கட்டுரைக்கே. இதற்கு மாற்று சான்றைத் தேடித் தருதலே. மாவட்ட அரசிதழ், மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நூல், கல்வெட்டு ஆண்டறிக்கை ஆகியன ஏற்கத்தக்கவை. இவற்றைப் பார்வையிடும் வாய்ப்பு ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் உண்டு.

வகுப்பறையிலும் இதனைப் பயிற்றலாம். மாணவரைத் தம் ஊர்பற்றிய கட்டுரையின் பேச்சுப் பக்கத்தைப் படிக்கச் செய்து, ஒவ்வொரு கூற்றின் எதிரிலும் ஆண்டையும் சான்றையும் குறிக்கச் சொல்லுதல் வேண்டும். சான்று குறிக்க இயலாத கூற்றுகள் எவை என்பதை அவர்களே கண்டுகொள்வர்.