பத்துமலை பாறை ஏற்றம்: வெயிலைத் தேடணுமா, நிழலைத் தேடணுமா?

ஆண்டு இறுதி விடுமுறை வந்தால், வெளிநாட்டுப் பாலைவனத்தில் பளீரென்ற வெயிலில் பாறை ஏறும் காணொளிகள் கைப்பேசியில் வரிசையாக வரும். அதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் பத்துமலைக்குப் போய் ஏறலாமே’ என்று பத்தாங் பெர்ஜுந்தாய், கோலசிலாங்கூர் பக்கத்து இளைஞர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால், அங்கே சரியான நேரம் இங்கே ஆபத்தான நேரமாக இருக்கலாம். ஏன்?

பாலைவனத்தில் ஏன் குளிர்காலம்?

அமெரிக்காவின் ஜோஷுவா ட்ரீ, ரெட் ராக் கேன்யன் போன்ற இடங்களில் கோடையில் பாறை கொதிக்கும். குளிர்காலத்தில் காற்று குளிர்ந்து, வறண்டு இருக்கும். கை அதிகம் வியர்க்காது. காலணியின் ரப்பரும் பாறையை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நிழலில் விரல் விறைத்துவிடும். அதனால்தான் தெற்கு பார்த்த, வெயில் விழும் பாறையைத் தேடிப் போகிறார்கள்.

இங்கே என்ன வித்தியாசம்?

நமக்குக் குளிர்காலமே இல்லை. பகலில் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை உலராது, கை வழுக்கும். மெக்னீசியம் கார்பனேட் தூளைப் பூசினாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆகவே இங்கே தேட வேண்டியது நிழலை.

எந்தப் பக்கம் நிழல்?

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 டிகிரியில் இருக்கிறோம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாயும். அப்போது வடக்கு பார்த்த பாறைக்கு நிழல். ஜூனில் இது தலைகீழ். மேற்கு பார்த்த பாறைக்குக் காலையில் நிழல், கிழக்கு பார்த்ததற்கு மாலையில் நிழல்.

அப்படின்னா மாலையில் போகலாமா? அங்கேதான் சிக்கல். சிலாங்கூரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். குறிப்பாக, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில். எனவே காலையிலேயே ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் முடிப்பதே நல்லது. ஒப்பிட்டுப் பார்த்தால் மழை குறைவான காலம் ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை.

மழைக்குப் பிறகு ஏறலாமா?

ரெட் ராக்கில் உள்ளது மணற்கல். நனைந்தால் பலம் இழந்து பிடியே உடைந்து கையோடு வரும். அதனால் மழைக்குப் பின் ஓரிரு நாள் காத்திருப்பார்கள். பத்துமலை சுமார் 40 கோடி ஆண்டு பழைமையான சுண்ணாம்புக்கல். அது அப்படிப் பலம் இழக்காது. ஆனால் கண்ணாடி போல வழுக்கும். மழை விட்ட பிறகும் மலைக்குள் இறங்கிய நீர் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பிடிக்குள் ஈரம் இருக்கலாம்.

எங்கே ஏறுகிறார்கள்?

தைப்பூசத்துக்கு நாம் ஏறும் 272 படிகள் இருக்கும் பக்கம் அல்ல. அதே குன்றின் இன்னொரு பக்கத்தில், டாமாய் பகுதியில், பாறையில் ஆணி பொருத்திய ஏறுதடங்கள் உள்ளன. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஈஜோக் வந்து, லாத்தார் நெடுஞ்சாலை வழியாகப் போகலாம்.

முதல் முறை போகிறவர்கள் கவனிக்க

• பயிற்சி பெற்றவர் இல்லாமல் போகாதீர்கள். கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவரின் கையில்தான் மேலே ஏறுபவரின் உயிர் இருக்கிறது.

• கிளம்பும் முன் இருவரும் ஒருவர் மற்றவரின் முடிச்சையும் இடுப்புப் பட்டையையும் சரிபாருங்கள்.

• தலைக்கவசம் கட்டாயம். ஏறாமல் கீழே நிற்பவர் மேலும் கல் விழலாம்.

• வெப்பமண்டலச் சுண்ணாம்புக்கல்லில் உலோக ஆணிகள் அரிக்கும். துருப்பிடித்த, ஆடுகிற ஆணியை நம்பாதீர்கள்.

• இடிச் சத்தம் கேட்டால் உடனே இறங்கிப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

• தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். தலைசுற்றல், வாந்தி வந்தால் அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது.

• விபத்து நேர்ந்தால் 999-ஐ அழையுங்கள்.

பாறை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். வானம் கறுத்தால், பாதியில் இறங்கி வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.