பணியிடமும் உறைவிடமும்: நிரல் தன் இடம் அறியுமாறு

இன்று தமிழாய்வு செய்வார் பலர் சொல்லடைவு தொகுக்கவும், பாடவேறுபாடுகளை ஒப்பிடவும், வழக்குச்சொற்களை எண்ணவும் கணிப்பொறியைத் துணைக்கொள்கின்றனர். அதன்பொருட்டு அவர் எழுதும் சிறு நிரல்கள் பெரும்பாலும் பைத்தான், பெர்ல் முதலிய ஸ்கிரிப்ட் மொழிகளில் அமைவன. எழுதிய வடிவிலேயே படித்து உடனுக்குடன் இயக்கப்படுதல் இம்மொழிகளின் இயல்பு. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதத் துணைசெய்யும் எழில் மொழியும் இவ்வினத்ததே. அதன் செயலி பைத்தானில் எழுதப்பெற்றது. இத்தகைய நிரல் ஒரு நூற்பாடத்தைப் படிக்கவோ, கண்ட முடிவை எழுதி வைக்கவோ புகுங்கால், ‘எவ்விடத்துள்ள கோப்பு?’ என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவின் விடை ‘நடப்புப் பணிக் கோப்புறை’ என்பதனைச் சார்ந்து நிற்கும். அஃது யாது, அதனை நிரல் அறியுமாறு எங்ஙனம், அறியாவழி ஆராய்ச்சிக்கு நேரும் இழுக்கு யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நெய்வேலி காட்டும் வேறுபாடு

இப்பொருளை விளக்க நெய்வேலி நகரியம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டதன் பயனாய் எழுந்தது இந்நகரியம். இஃது எண்ணிட்ட வட்டங்களாக வகுக்கப்பெற்றது. ஆதலின், வட்டத்தின் எண் கூறாது வீட்டெண் மட்டும் கூறின் அது முகவரி ஆகாது. சுரங்கமோ நகரியம் போல ஓரிடத்து நிலைப்பதன்று. திறந்தவெளிச் சுரங்கமாகலின், வாளிச்சக்கர அகழ்பொறிகள் மேல்மண்ணை அகழ்ந்து செல்லச்செல்ல வெட்டுமுகம் நகர்கின்றது. மண்ணையும் கரியையும் சுமக்கும் கன்வேயர் பட்டைகளும் அதற்கேற்ப இடம்பெயர்க்கப்படுகின்றன. வட்டத்தில் உறைந்து சுரங்கத்தில் தொழில்புரியும் ஒருவரை நோக்கி, ‘நும் இடம் யாது?’ என வினவின், இரு விடைகள் பொருந்தும். ஒன்று உறைவிடம், மற்றொன்று பணியிடம். முன்னது நிலையாயது, பின்னது பெயர்வது.

நிரலுக்கும் இவ்விரண்டும் உள. நிரல் எழுதப்பெற்ற கோப்பு எக்கோப்புறையில் வைக்கப்பட்டுள்ளதோ, அஃது அதன் உறைவிடம். இயங்குங்கால் அந்நிரல் எக்கோப்புறையைத் தன் நிலைக்களமாகக் கொள்கின்றதோ, அஃது அதன் பணியிடம். நடப்புப் பணிக் கோப்புறை என்பது இப்பின்னதையே குறிக்கும். இரண்டும் சிலகால் ஒன்றாய் அமைதலின், தொடக்கநிலையில் கற்பார் அவற்றை ஒன்றெனவே மயங்குவர். மயக்கம் அனைத்திற்கும் வித்து இதுவே.

சார்புப் பாதையும் சுட்டும்

ஒரு கோப்பின் இடத்தைக் கூறும் முறை இருவகைப்படும். கோப்புகள் அனைத்திற்கும் வேராய முதலிடத்திலிருந்து தொடங்கி முற்றக் கூறுவது முழுப்பாதை. நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிக் கூறுவது சார்புப்பாதை. கோப்பின் பெயரை மட்டும் கூறுவதும் சார்புப்பாதையே. இதன்கண் ஒரு புள்ளி ‘இக்கோப்புறை’ எனவும், இரு புள்ளிகள் ‘இதற்கு மேலுள்ள கோப்புறை’ எனவும் பொருள்படும்.

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இது புதுவதன்று. ‘இம்மரம்’ என்புழி இகரச்சுட்டு அண்மைப் பொருளை உணர்த்துகின்றது. ஆயின் எதற்கு அண்மை என்பது பேசுவோன் நிற்கும் இடத்தால் அன்றிப் பெறப்படாது. தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனை எடுத்தோதி, வரவும் தரவும் தன்மை முன்னிலைகட்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியவெனப் பகுத்தமையும் இடம்பற்றிச் சொல் வேறுபடுமாற்றைக் காட்டும். சார்புப்பாதை சுட்டுப் போல்வது. சுட்டுவோன் இடம் மாறின் சுட்டப்படும் பொருளும் மாறும். சொல் மட்டும் மாறாது நிற்கும்.

பணியிடம் வருமாறு

நிரல் தன் பணியிடத்தைத் தானே தேர்ந்து பிறப்பதில்லை. தன்னைத் தொடங்கிய இயக்கத்தினிடமிருந்து மரபுரிமையாகப் பெறுகின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றிற்கும் அதன் பணியிடத்தை இயங்குதளம் தனித்தனியே குறித்து வைத்துள்ளது.

இத்தனிமைக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. யூனிக்சு இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவரான டென்னிசு ரிட்சி அதனைப் பதிந்துள்ளார். 1969ஆம் ஆண்டில் பி.டி.பி.-7 என்னும் பொறியில் அத்தளம் உருப்பெறத் தொடங்கியது. பின்னர், ஏவல் ஒவ்வொன்றிற்கும் புதியதோர் இயக்கம் தோன்றுமாறு அது திருத்தப்பெற்றதும், கோப்புறை மாற்றும் ஏவல் பயனற்றதாயிற்று. அவ்வேவல் தனக்கெனத் தோன்றிய இயக்கத்தின் இடத்தை மட்டும் மாற்றி, அவ்வியக்கத்தோடு தானும் மறைந்தது. ஏவியவர் நின்ற இடம் மாறிற்றில்லை. அதனாலேயே அவ்வேவல் ஷெல் என்னும் ஏவற்செயலியின் உள்ளுறுப்பாக்கப்பட்டது. மகன் இடம்பெயர்ந்தமையால் தந்தை இடம்பெயரார் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, ஒரே நிரல் தொடங்கப்படும் முறைக்கேற்ப வெவ்வேறு பணியிடம் பெறும். ஷெல்லிலிருந்து தொடங்கின், பயனர் அப்போது நிற்கும் கோப்புறை பணியிடமாகும். நிரல் எழுதும் செயலியின்வழித் தொடங்கின், அதில் திறந்துள்ள திட்டக் கோப்புறை பெரும்பாலும் பணியிடமாகும். குறித்த நேரத்தில் தானே இயக்கும் கிரான் ஏவலின்வழித் தொடங்கின், பயனரின் இல்லக் கோப்புறை பணியிடமாதல் வழக்கம்.

வினவும் முறைகள்

பணியிடத்தை வினவ யூனிக்சு ஷெல்லில் ‘பி.டபிள்யூ.டி.’ என்னும் ஏவல் உண்டு. நம் நாட்டார் அவ்வெழுத்துகளைக் கண்டதும் பொதுப்பணித்துறையை எண்ணுவர். ஈண்டு அவை ‘பணிக் கோப்புறையை அச்சிடு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாகும். பைத்தானில் ‘ஓ.எஸ்.’ என்னும் தொகுதியுள் அமைந்த ‘கெட்-சி-டபிள்யூ-டி’ என்னும் சார்பு பணியிடத்தின் முழுப்பாதையைத் தரும். 2014இல் வெளிவந்த பைத்தான் 3.4 முதல் ‘பாத்லிப்’ தொகுதியின் வாயிலாகவும் அதனைப் பெறலாம். பெர்ல் மொழியில் ‘சி-டபிள்யூ-டி’ என்னும் தொகுதியும், பி.எச்.பி. மொழியில் பைத்தானிற் போன்ற பெயருடைய சார்பும் இத்தொழிலே செய்வன.

இவை யாவும் பணியிடத்தையே கூறுவன, உறைவிடத்தைக் கூறா. உறைவிடம் அறிதற்குப் பைத்தானில் இருபுறமும் இரட்டை அடிக்கோடு பெற்ற ‘ஃபைல்’ என்னும் பெயர் உதவும். 2020இல் வெளிவந்த 3.9 பதிப்பிற்கு முன், நேரே இயக்கப்படும் நிரலில் இப்பெயர் சார்புப்பாதையாகவே அமைதலும் உண்டு. எனவே நிரலின் தொடக்கத்திலேயே அதனை முழுப்பாதையாக்கிக் கொள்ளுதல் நன்று. பி.எச்.பி. மொழியில் 2009இல் வந்த 5.3 பதிப்பு முதல் ‘டிர்’ என்னும் மாறிலியும், பெர்லில் ‘ஃபைண்ட்பின்’ தொகுதியும் உறைவிடத்தை அறிவிக்கும்.

ஆராய்ச்சிக்கு நேரும் இழுக்கு

நெய்வேலி பல மாவட்டத்தாரும் பணியின்பொருட்டுக் குடியேறிய ஊர். அதன் வழக்குச்சொற்களை ஆராயும் மாணவர் ஒருவர், வட்டந்தோறும் ஒரு கோப்புறை அமைத்து, ஒவ்வொன்றிலும் ‘சொற்கள்’ என்னும் ஒரே பெயரால் ஒரு கோப்பு வைத்துள்ளார் எனக் கொள்வோம். எண்ணும் நிரல் முதல் வட்டத்தின் கோப்புறையில் உறைகின்றது. ‘சொற்கள்’ என்னும் பெயரளவே கூறிக் கோப்பைத் திறக்கின்றது. மாணவர் பதினொன்றாம் வட்டத்தின் கோப்புறையில் நின்று அந்நிரலை இயக்குகின்றார். நிரல் பதினொன்றாம் வட்டத்துச் சொற்களை எண்ணி, முதல் வட்டம் என்னும் தலைப்பின்கீழ் விடை தரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

அக்கோப்புறையில் அப்பெயரிய கோப்பு இல்லையாயின் நிரல் பிழைகூறி நிற்கும், அது நன்மையே. கோப்பு இருத்தலே தீங்காகின்றது. ஒரு நூலின் இரு பதிப்புகளை ஒரே பெயரால் இரு கோப்புறைகளில் வைத்து ஒப்பிடுவார்க்கும் இவ்விடர் உண்டு. ஒரு பதிப்பாசிரியரின் பாடம் மற்றொருவர் பெயரால் எண்ணப்பட்டுவிடும். முடிவை எழுதும்போதோ தீங்கு மிகும். புதிதாக எழுதும் முறையில் திறக்கப்பட்ட கோப்பு, அப்பெயரால் முன்னிருந்ததை வினவாமலே அழித்துவிடும்.

இதனைத் தவிர்க்கும் நெறி மூன்று. நிரலோடு உடன்வைத்த மூலக்கோப்புகளை உறைவிடத்திலிருந்து தொடங்கிக் கூறுக. பயனர் தரும் கோப்புப் பெயரைப் பணியிடத்திலிருந்து கொள்க. அவர் தாம் நிற்குமிடம் கருதியே கூறுவராகலின். படித்த கோப்பின் முழுப்பாதையை முடிவோடு சேர்த்து எழுதி வைக்க. மேற்கோளுக்குப் பதிப்பும் பக்கமும் குறித்தல் நம் மரபு. எண்ணிக்கைக்கு முழுப்பாதை குறித்தலும் அதனோடு ஒத்த கடப்பாடேயாம்.

இதுகாறும் கூறியவற்றால், நிரலின் பணியிடமும் உறைவிடமும் வேறு என்பதும், பணியிடம் தொடங்கியவர் வழி வருவது என்பதும், சார்புப்பாதை சுட்டேபோல் நிற்குமிடம் பற்றிப் பொருள் வேறுபடும் என்பதும் பெறப்பட்டன. ஓர் எண்ணிக்கை எப்பாடத்தினின்று பெறப்பட்டது என்பதனைக் கூறவியலாதாயின், அவ்வெண்ணிக்கை எத்துணைத் திருத்தமாய்த் தோன்றினும் சான்றாகாது என்க.